“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று சொன்ன பிறகு: முதியவர்களின் கடைசிக்காலப் பராமரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் இல்லை. அப்பா ஏழு மாதம் படுக்கையில் கிடந்தபோது கூட இருந்து பார்த்துக்கொண்டவன். அதற்குப் பிறகு வாரத்தில் ஒருநாள், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் ஒரு குழுவோடு பை தூக்கிக்கொண்டு போகிறேன். கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டுகிற நேரத்தில், உள்ளே படுத்திருப்பவருக்குக் கேட்காத தூரத்தில், மெதுவான குரலில் கேட்பார்கள். அந்தக் கேள்விகள்தான் இவை. எந்த மருந்து, எவ்வளவு என்பதையெல்லாம் உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது என்றே பலருக்குத் தெரிவதில்லை. அதற்குத்தான் இந்தப் பக்கம்.

பாலியேட்டிவ் கேர் என்கிறார்களே, அது என்ன?

நோயைக் குணமாக்க முடியாமல் போனாலும் நோயாளியின் அவதியைக் குறைக்க முடியும். அதையே வேலையாக எடுத்துச் செய்யும் மருத்துவம் இது. தமிழில் வலித்தணிப்புச் சிகிச்சை, நோய்த்தணிப்பு, ஆதரவு சிகிச்சை என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். வலி, மூச்சுத்திணறல், வாந்தி, மலச்சிக்கல், தூக்கமின்மை, படுக்கைப் புண் எல்லாம் இதில் அடங்கும். “பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டேனே” என்ற புழுக்கமும் அடங்கும். லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடம்பு வலியையும் மனவலியையும் பணக்கவலையையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது, எல்லாம் சேர்ந்ததுதான் நோயாளியின் வலி என்றார். இந்தத் துறையே அதன்மேல்தான் நிற்கிறது.

அது கேன்சர்காரர்களுக்குத்தானே?

இல்லை. கேன்சரில்தான் அதிகம் பேசப்பட்டது, அவ்வளவுதான். வயதானவர்களைப் பொறுத்தவரை பக்கவாதம், இதயம் பலவீனமாகிப் போவது, சிறுநீரகம் செயலிழப்பது, நாள்பட்ட நுரையீரல் நோய், பார்க்கின்சன், மறதி நோய் எல்லாவற்றுக்கும் இது உண்டு. ஒரு நோயும் இல்லாமல் 90 வயதில் உடம்பு மொத்தமாகத் தளர்ந்துபோனவருக்கும் உண்டு.

இதற்குப் போனால் மற்ற வைத்தியத்தை நிறுத்திவிடுவார்களாமே? சீக்கிரம் போய்விடுவாராமே?

இந்தப் பயத்தால்தான் பலர் கடைசி வாரத்தில் வருகிறார்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். கீமோ போய்க்கொண்டிருக்கும்போதே வலிக்கும் குமட்டலுக்கும் இந்தக் குழு மருந்து தரலாம். 2010-ல் அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஆரம்பத்திலிருந்தே இந்தப் பராமரிப்பையும் பெற்றவர்கள் சராசரியாக 11.6 மாதங்கள் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதங்கள். இந்தப் பராமரிப்பையும் பெற்றவர்களுக்குக் கடைசி நேர ஊசியும் ஓட்டமும்கூடக் குறைவாகவே இருந்தன. எல்லா நோய்க்கும் இதே கணக்கு வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் “போனால் சீக்கிரம் முடிந்துவிடும்” என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடையாது.

“இனி செய்றதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டார்கள். இப்போது என்ன செய்வது?

எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கையில் ஒரு டிஸ்சார்ஜ் தாளும், மூன்று நாளுக்கு மாத்திரையும் இருந்தன. அன்று இரவு இரண்டு மணிக்கு அப்பா வலியில் கத்தியபோது யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மருத்துவர் சொன்னதில் பொய் இல்லை. நோய்க்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லைதான். நோயாளிக்குச் செய்ய நிறைய இருந்தது, அதை அவர் சொல்லவில்லை.

அதனால் படுக்கையை விட்டு இறக்குவதற்கு முன்பே கேளுங்கள். வலி கூடினால் என்ன மருந்து, மூச்சு வாங்கினால் என்ன, ஜுரம் வந்தால் திரும்பக் கொண்டுவரத்தான் வேண்டுமா, பழைய பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மாத்திரைகளில் எதையெல்லாம் நிறுத்திவிடலாம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடைசிக் கேள்வியை யாருமே கேட்பதில்லை. சில வாரமே இருக்கப்போகிறவர் கொழுப்பு மாத்திரையைக் கஷ்டப்பட்டு விழுங்கிக்கொண்டிருப்பார். அப்புறம், மூக்குக்குழாயோ சிறுநீர்க் குழாயோ போட்டு அனுப்பினால், அதை எப்போது மாற்ற வேண்டும், யார் வீட்டுக்கு வந்து மாற்றுவார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். செவிலியர் ஒருவரிடம் அரைமணி நேரம் இருந்து, புரட்டிப் படுக்கவைப்பது, வாய் துடைப்பது, டயப்பர் மாற்றுவது ஆகியவற்றைக் கைப்படச் செய்து பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

மார்பின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது போதை மருந்துதானே? கொடுத்தால் உயிர் போய்விடுமா?

வாசலில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மார்பின் அபினியிலிருந்து வருவது. உலகில் சட்டப்படி அபினி பயிரிடும் மிகச் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு விளைகிறது, ஏற்றுமதியும் ஆகிறது. ஆனால் விளைகிற நாட்டிலேயே வலியில் துடிப்பவருக்கு அது கிடைப்பதில்லை. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகள் அதை வாங்கி வைக்கவே பயந்தன. 2014-ல் சட்டத்தைத் திருத்தி, மார்பின் உள்ளிட்ட சில மருந்துகளை அத்தியாவசியமானவை என்று தனியே பிரித்து, அனுமதி முறையை எளிதாக்கினார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களில் மருத்துவர் சீட்டுக்குக் கிடைக்கும். தெருமுனை மெடிக்கலில் கேட்டால் கிடைக்காது. கேட்கிற உங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள்.

வலிக்காக, அளவோடு, மருத்துவர் கண்காணிப்பில் தரும்போது அடிமையாவது அரிது. கொஞ்ச நாள் சாப்பிட்ட பிறகு திடீரென்று நிறுத்தினால் உடம்பு முரண்டு பிடிக்கும், அதனால் படிப்படியாகக் குறைப்பார்கள். அது அடிமைத்தனம் இல்லை. சரியான அளவில் கொடுத்தால் ஆயுளையும் குறைக்காது. வயதானவர்களுக்கு மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவும் இடைவெளியும் மாறும், ஆகவே அந்த ரிப்போர்ட்டை மறக்காமல் காட்டுங்கள். சாதாரண மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால், கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி வரட்டும், அப்புறம் தரலாம் என்று காத்திருப்பதுதான் நாம் செய்கிற பெரிய தவறு. கூடிவிட்ட வலியை அடக்க இன்னும் அதிக மருந்து பிடிக்கும். பொறுக்கவில்லை என்று நாமாகவே ஒரு மாத்திரை கூட்டிக் கொடுத்துவிடவும் கூடாது. ஆள் எழுப்ப முடியாதபடி மயங்கினாலோ மூச்சு ரொம்பவும் மெதுவாகிவிட்டாலோ அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கும், பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாதது மலச்சிக்கல். மார்பின் எழுதும்போதே மலமிளக்கியும் எழுதவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். எட்டு நாள் வெளிக்குப் போகாமல் வயிறு கல்லாகி, அந்த அவதியில் மார்பினே வேண்டாம் என்று தூக்கி எறிந்த ஒரு பாட்டியைப் பார்த்திருக்கிறேன். பாட்டி மேல் தப்பில்லை.

சாப்பிடவே மாட்டேன் என்கிறார். பட்டினி போட்டுக் கொல்வது போல இருக்கிறதே? டியூப் போடலாமா? டிரிப்ஸ் ஏற்றலாமா?

சாப்பாடு நம் ஊரில் வெறும் சாப்பாடு இல்லை. “ஒரு வாய் சோறு போட்டியா?” என்று பார்க்க வருகிற அத்தையும் கேட்பாள், எதிர்வீட்டுக்காரரும் கேட்பார். நான் அப்பாவின் வாயைப் பிடித்துத் திறந்து கஞ்சி ஊற்றியிருக்கிறேன். அது நுரையீரலுக்குள் போய், சளி கட்டி, ஜுரம் வந்தது. அதைச் சொல்ல இன்றைக்கும் தயக்கமாகத்தான் இருக்கிறது.

உடம்பு அணைந்துகொண்டிருக்கும்போது பசி முதலில் போகும். சாப்பிடாததால் சாகிறார் என்று நமக்குத் தோன்றும். நடப்பது நேர்மாறு, சாவு நெருங்குவதால்தான் சாப்பிடவில்லை. அவருக்குப் பசி வேதனை பெரும்பாலும் இருப்பதில்லை. முற்றிய மறதி நோயில் மூக்கு வழியாகவோ வயிறு வழியாகவோ குழாய் போட்டால் ஆயுள் கூடும் என்பதற்கோ, நிமோனியா வராமல் தடுக்கும் என்பதற்கோ சான்று இல்லை. குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டிப்போடுவதில்தான் அது பல வீடுகளில் முடிகிறது. டிரிப்ஸும் அப்படித்தான். கடைசி நாட்களில் ஏற்றுகிற நீரை உடம்பால் வெளியேற்ற முடியாமல் கைகால் வீங்கும், நெஞ்சில் கோழை கூடும்.

எல்லாருக்கும் டியூப் வேண்டாம் என்று அர்த்தமில்லை. பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போனவர், தொண்டையில் கட்டி உள்ளவர் போன்றவர்களுக்குச் சில காலம் அது உதவும். எதற்காகப் போடுகிறோம், எப்போது எடுப்போம் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

விழுங்க முடிகிறவரை, சாய்த்து உட்காரவைத்து, அவர் கேட்டால் கேட்டதை ஒரு ஸ்பூன் கொடுங்கள். சர்க்கரை நோயாளியா? பரவாயில்லை, இரண்டு ஸ்பூன் பாயசத்தால் ஒன்றும் ஆகாது. எதுவுமே இறங்காதபோது வாயைக் கவனியுங்கள். சுத்தமான பஞ்சையோ துணியையோ நனைத்துப் பிழிந்து உதட்டையும் நாக்கையும் அடிக்கடி துடைத்து, உதட்டில் கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். கடைசி நாட்களில் தாகமாகத் தெரிவது பெரும்பாலும் வாய் வறட்சிதான்.

படுக்கைப் புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இடது பக்கம், மல்லாந்து, வலது பக்கம் என்று மாற்றிக்கொண்டே இருங்கள். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வையுங்கள். காற்று மெத்தை வாடகைக்குக் கிடைக்கிறது, நல்லதுதான்; ஆனால் மெத்தை வாங்கிவிட்டோம் என்று புரட்டுவதை நிறுத்தியவர்கள் வீட்டில்தான் நான் பெரிய புண்களைப் பார்த்தேன். இழுத்துப் புரட்டாதீர்கள், தோல் உரியும். கீழே ஒரு பருத்திச் சேலையை நாலாக மடித்துப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்தலாம். எங்கள் குழுவின் செவிலியர் போகிற வீடெல்லாம் பழைய சேலை கேட்பது இதற்காகத்தான். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. புண் நாற ஆரம்பித்துவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நாற்றத்தை அடக்க விலை குறைந்த மருந்தே உண்டு. அந்த நாற்றத்துக்குப் பயந்து பேரப்பிள்ளைகள் அறைக்குள் வராமல் இருப்பதுதான் புண்ணைவிடப் பெரிய வேதனை.

மூச்சு வாங்குகிறது. ஆக்ஸிஜன் சிலிண்டர் வாங்கிவிடலாமா?

விரல் நுனியில் கருவி மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிஜன் அளவு குறைந்திருந்தால்தான் அதனால் பயன். இல்லையென்றால் நிமிர்த்தி உட்காரவைத்து, ஜன்னலைத் திறந்து, முகத்துக்கு நேராக ஒரு சின்ன ஃபேன் வைத்துப் பாருங்கள். நிஜமாகவே உதவும். சுற்றி நிற்கிற பத்துப் பேரையும் வெளியே அனுப்புங்கள். குறைந்த அளவு மார்பின் மூச்சுத்திணறலுக்கும் கேட்கும். அதை மருத்துவர் தீர்மானிப்பார்.

அம்மாவுக்கு மறதி நோய். வலிக்கிறதா என்று கேட்டால் பதில் இல்லை. எப்படித் தெரிந்துகொள்வது?

முகத்தைப் பாருங்கள். புரட்டும்போது நெற்றி சுருங்குகிறதா, முனகுகிறாரா, வழக்கமில்லாமல் கையைத் தட்டிவிடுகிறாரா, ஒரு பக்கத்தைத் தொட்டாலே விறைக்கிறாரா? “அம்மா இப்பல்லாம் அடிக்கிறாங்க, தூக்க மாத்திரை வேணும்” என்று சொன்ன ஒரு வீட்டில், பார்த்தால் இடுப்பில் புண். வலி மருந்து கொடுத்ததும் அடிப்பது நின்றது. மலச்சிக்கலும் சிறுநீர் அடைப்பும்கூட இப்படித்தான் கோபமாக வெளிப்படும்.

நோய் இன்னதென்று அவரிடம் சொல்லலாமா? “சொன்னால் மனசு விட்டுப்போகும்” என்று எல்லோரும் தடுக்கிறார்கள்.

அவருக்குத் தெரியும். முக்கால்வாசி நேரம் தெரியும். பிள்ளைகள் கண்ணைப் பார்க்காமல் பேசுவதும், ஊரிலிருந்து திடீரென்று சொந்தக்காரர்கள் வருவதும் எதற்கென்று 75 வயது அனுபவத்துக்குப் புரியாதா? அப்பாவிடம் “அல்சர்” என்றோம். அவரும் எங்களுக்காக “அல்சர்தான்” என்று தலையாட்டினார். மூடிய கதவுக்கு இரண்டு பக்கமும் நின்று ஆளுக்கொரு நாடகம் போட்டோம். கடைசியில் அவர் தங்கைக்கு எழுதித்தர நினைத்த நிலத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. அது இப்போது வழக்காகிக் கிடக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. “உங்க உடம்பைப் பத்தி நீங்க என்னப்பா நினைக்கிறீங்க?” என்று ஆரம்பியுங்கள். அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொல்லுங்கள். “எனக்கு ஒண்ணும் தெரிய வேணாம், நீங்களே பார்த்துக்குங்க” என்றால் அதுவும் அவர் உரிமைதான். ஆனால் அவர் நேராகக் கேட்கும்போது பொய் சொல்லாதீர்கள்.

ஐசியு, வென்டிலேட்டர் எதுவும் வேண்டாம் என்கிறார் அப்பா. அதை எழுதி வைக்க முடியுமா? செல்லுமா?

செல்லும். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், கண்ணியமாக இறப்பதும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லி, இப்படி முன்கூட்டி எழுதிவைக்கும் விருப்ப ஆவணத்தை ஏற்றுக்கொண்டது. முதலில் வகுத்த நடைமுறை ரொம்பச் சிக்கலாக இருந்தது, மாஜிஸ்திரேட் கையெழுத்தெல்லாம் வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். இப்போது 18 வயதுக்கு மேற்பட்ட, தெளிந்த மனநிலையில் உள்ள யாரும், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்றொப்பம் வாங்கினால் போதும். தன்னால் பேச முடியாத நிலை வந்தால் தன் சார்பில் யார் முடிவெடுப்பது என்று ஒருவரையோ சிலரையோ பெயர் குறிப்பிட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் மாற்றலாம், ரத்து செய்யலாம்.

எழுதிவிட்டால் உடனே எல்லாம் நடந்துவிடாது. குணமாகும் வாய்ப்பில்லாத நிலை என்று மருத்துவமனையின் மூன்று மருத்துவர் கொண்ட முதல் குழு சொல்ல வேண்டும். வேறு மூவர் கொண்ட இரண்டாவது குழுவும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது நீதிமன்றத்தின் எதிர்பார்ப்பு. ஆவணமே இல்லாதவருக்கும் குடும்பத்தாரின் சம்மதத்தோடு இதே வழி உண்டு. இதெல்லாம் கருவிகளை விலக்கிக்கொள்வது பற்றியது. ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் குற்றம். இரண்டையும் கருணைக்கொலை என்ற ஒரே பெயரில் அழைத்துக் குழப்பிக்கொள்கிறோம்.

நடைமுறையில் ஒரு தாள் எழுதி பீரோவில் பூட்டினால் பயனில்லை. ஒரு நகல் குடும்ப மருத்துவரிடம் இருக்கட்டும். உள்ளாட்சியில் இதற்கென்று இருக்கும் அதிகாரியிடம் ஒன்று, பெயர் குறிப்பிட்டவரிடம் ஒன்று. முக்கியமாக, எல்லாப் பிள்ளைகளும் இருக்கும்போது அப்பாவே தன் வாயால் சொல்லட்டும்.

நாங்கள் முடிவு பண்ணி வைத்திருந்தோம். அமெரிக்காவிலிருந்து அண்ணன் வந்து “ஐசியுவில் போடு, நான் பணம் தர்றேன்” என்கிறார்.

இந்த அண்ணன் எல்லா வீட்டிலும் இருக்கிறார். இது நமக்கு மட்டும் உரிய சங்கதி என்று நினைக்காதீர்கள். 1991-லேயே ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் இதற்கு “கலிஃபோர்னியா மகள்” என்று பெயர் வைத்து மருத்துவர்கள் கட்டுரை எழுதிவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் அதே ஆளை நியூயார்க்கிலிருந்து வந்தவர் என்கிறார்களாம். தூரத்தில் இருந்தவருக்குக் குற்ற உணர்வு. போன வருடம் நடந்துகொண்டிருந்த அப்பாவைத்தான் அவர் மனதில் வைத்திருக்கிறார். சண்டை போடாமல், நோய் முற்றும்போதே வாரம் ஒருமுறை வீடியோ காலில் அப்பாவைக் காட்டுங்கள். புண் கட்டும்போதும் காட்டுங்கள். மருத்துவரை அவரோடு நேராகப் பேசவையுங்கள். பணத்தை அவர் தரட்டும், ஒரு நல்ல ஹோம் நர்ஸுக்கும் காற்று மெத்தைக்கும்.

முடிவு நெருங்கிவிட்டது என்று எப்படித் தெரியும்?

தேதி யாராலும் சொல்ல முடியாது. பெரும்பாலும் நாளின் பெரும்பகுதி தூங்குவார், விழுங்குவது நிற்கும், சிறுநீர் குறைந்து அடர்நிறமாகும். கைகால் சில்லிட்டு, பாதமும் முழங்காலும் திட்டுத்திட்டாக நிறம் மாறும். மூச்சு வேகமாக ஓடி, நின்று, நாம் பயந்து எழுந்த பிறகு மறுபடி தொடங்கும். தொண்டையில் கோழை கரகரவென்று சத்தம் போடும். கேட்கிற நமக்குத்தான் அது பயங்கரம், அவர் பெரும்பாலும் அதை உணர்வதில்லை. ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தால் குறையும். சிலர் இறந்துபோன அம்மாவோடும் அண்ணனோடும் பேசுவார்கள், அதட்டாதீர்கள். சிலருக்குத் திடீரென்று ஒருநாள் தெளிவு வரும். எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார். அணையப்போகும் விளக்கு என்று நம் பாட்டிமார்கள் சொன்னது இதைத்தான். மருத்துவர்களும் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். அன்று மருத்துவமனைக்கு ஓடாமல் காபி போட்டுக் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். நினைவு தப்பியவருக்கும் காது கேட்கக்கூடும், தலைமாட்டில் நின்று இறுதிச் செலவைக் கணக்குப் போடாதீர்கள்.

உயிர் இழுத்துக்கொண்டே இருக்கிறது. பால் ஊற்றலாமா? மண் கரைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

ஆசை எதன் மேலோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் உயிர் பிரியவில்லை என்ற நம்பிக்கையில் சொந்த நிலத்து மண்ணையும் பொன் உரசிய நீரையும் கரைத்துக் கொடுக்கிறார்கள். விழுங்க முடியாதவர் வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாயில்தான் போகும், மூச்சு முட்டும். பிள்ளைகள் கையால் பால் வேண்டும் என்றால், விரலைப் பாலில் தொட்டு உதட்டில் தடவுங்கள். சடங்கும் ஆயிற்று, அவருக்கும் அவதி இல்லை. நிலத்து மண்ணை உள்ளங்கையில் வைக்கலாமே. அப்படி வைத்த ஒரு வீட்டில் அந்தத் தாத்தா விரல்களை மடக்கிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் எண்ணெய்க் குளியல் செய்துவிடுவார்கள். அது தப்பா?

கிடையில் கிடக்கும் முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி உயிர் போகச் செய்வது, தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று சொல்வதைத்தான் கேட்கிறீர்கள். 2010-ல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு முதியவர் தனக்கு அது நடக்கப்போவதை அறிந்து வீட்டைவிட்டுப் போனபோது வெளியுலகம் பேச ஆரம்பித்தது. சட்டப்படி அது கொலை. அந்த வீடுகளுக்குப் போயிருக்கிறேன் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே இருந்தவர்கள் அரக்கர்கள் இல்லை. தினக்கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும், கிடையில் கிடப்பவரைப் பகலில் பார்க்க ஆள் இல்லை, வலிக்கு மருந்து இருப்பதே தெரியாது. அதற்காக அது சரியாகிவிடாது. பெரியவரிடம் யாரும் கேட்பதில்லை என்பதே போதும், அது கருணை இல்லை என்று சொல்ல. இந்த நினைப்பு வீட்டில் எழுகிறது என்றால், வலித்தணிப்புக் குழு அந்த வீட்டுக்கு நேற்றே வந்திருக்க வேண்டும் என்று பொருள்.

உதவி எங்கே கிடைக்கும்? செலவாகுமா?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு படுக்கையில் இருப்பவர்களுக்கான ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வரும், இலவசமாக. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். ஊரில் உள்ள சுகாதாரத் தன்னார்வலரிடம் சொன்னாலும் போதும். வராவிட்டால் விடாமல் கேளுங்கள். 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். முதியோருக்கான 14567 எண் காலை 8 முதல் இரவு 8 வரை இயங்குகிறது. சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கை கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் இதற்கான தனிப் பிரிவுகள் உண்டு.

பக்கத்து மாநிலத்தைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். கோழிக்கோட்டில் 1993-ல் சில மருத்துவர்களும் தன்னார்வலர்களும் தொடங்கியது, ஊர் ஊராகப் பரவி, 2008-ல் கேரள அரசின் கொள்கையாகவே ஆயிற்று. அங்கே தெருவில் உள்ள ஆசிரியரும் ஆட்டோ ஓட்டுநரும் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கிப் படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கிறார்கள். இங்கேயும் முடியும். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர் ஒருவர் இருக்கிறார். நோயாளிகளுக்குத் தாடி மழித்துவிடுவதுதான் அவர் வேலை.

பார்த்துக்கொள்கிற எனக்கே முடியவில்லை. சீக்கிரம் முடிந்தால் தேவலை என்றுகூடத் தோன்றுகிறது.

எனக்கும் தோன்றியது. அப்படித் தோன்றாதவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை. பெரும்பாலும் மருமகளோ, கல்யாணமாகாத மகளோ, தானே மூட்டுவலியில் இருக்கும் மனைவியோதான் இரவும் பகலும் நிற்கிறார். மற்றவர்கள் ஆப்பிளோடு வந்து ஆலோசனை சொல்லிவிட்டுப் போகிறார்கள். அடுத்த முறை யாராவது “எதாவது வேணும்னா சொல்லு” என்றால் சொல்லுங்கள்: “ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை நீங்க இருங்க, நான் தூங்கணும்.” தூக்கமே வரவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் 14416 எண்ணில் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம்.

வீட்டிலேயே இறந்துவிட்டால்? போலீஸ், சான்றிதழ் எல்லாம்?

நோயால் எதிர்பார்த்த இயற்கை மரணத்துக்குப் போலீஸ் தேவையில்லை. தொடர்ந்து பார்த்துவந்த மருத்துவரிடம் இறப்புக்கான காரணச் சான்று வாங்கி, 21 நாட்களுக்குள் உள்ளாட்சியில் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. வீட்டுக்கு வரும் மருத்துவர் யாரென்று முன்பே முடிவு செய்யுங்கள். நள்ளிரவில் தேடினால் யாரும் வரமாட்டார்கள்.

நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் எரியூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லி எடுத்துவிட வேண்டும், வெப்பத்தில் அது வெடிக்கும். கண்தானம் செய்ய நினைத்திருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்தி, தலையைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். கண்புரை ஆபரேஷன் ஆனவர்களும் தரலாம், கண்ணாடி போட்டவர்களும் தரலாம். ரத்தப் புற்றுநோய் போன்ற சில நோய்கள் இருந்தால் மட்டும் எடுக்கமாட்டார்கள், அதைக் கண் வங்கிக்காரர்களே பார்த்துச் சொல்வார்கள்.

மீதமிருக்கும் மார்பின் மாத்திரைகளை வீட்டில் வைத்திருக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். எண்ணி, சீட்டோடு சேர்த்து, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காற்று மெத்தை நன்றாக இருந்தால் குழுவிடம் சொல்லுங்கள், அடுத்த தெருவில் ஒருவருக்குத் தேவைப்படும். அப்பாவின் மெத்தை இப்போது நாலாவது வீட்டில் இருக்கிறது.